காலை எடு!

நடுவர் ஐயா, இரு அணியினர், அவையில் இருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம். கொடுத்திருக்கும் நேரம் குறைவு, சொல்ல வேண்டிய கதை பெரிது. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

‘குளிர்காலம் குடும்பத்தில் வளர்ப்பது பிணக்கையா, பிணைப்பையா?’ இதுதான் தலைப்பு. பிணைப்பைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு நீளமான பட்டியல் வாசித்தார். வெந்நீருக்குச் சண்டை, போர்வைக்குச் சண்டை, ஃபேன் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்று சண்டை, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது யார் என்று சண்டை, மூன்று நாளாகியும் காயாத துணியைப் பார்த்துச் சண்டை. இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது, இன்றும் நடக்கிறது.

ஆனால் உட்காரப் போகும் நேரத்தில் ஒன்று சொன்னார் பாருங்கள், அரங்கமே அதிர்ந்தது. “நெருக்கம், நெருக்கம் என்கிறார்களே, பூமி சூரியனுக்கு மிக நெருக்கமாக வருவது எப்போது? ஜனவரி முதல் வாரத்தில். நாம் வெடவெடத்துக் கிடப்பது எப்போது? அதே ஜனவரியில். சூரியனையே நெருங்கினாலும் குளிர்கிறது என்றால், புருஷன் பெண்டாட்டி எம்மாத்திரம்? நெருங்கினால் குளிர்தான், நடுவர் அவர்களே!” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நானும் கைதட்டினேன். நல்ல பேச்சுக்கு எந்த அணி என்று பார்க்கக் கூடாது. ஆனால் தம்பி, அந்தக் கணக்கை நீங்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் அப்பாவின் ஸ்வெட்டர் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், என் தம்பி. அம்மாவுக்குக் குளிர்காலம் வந்தால் போதும், பாதம் இரண்டும் ஐஸ்கட்டி ஆகிவிடும். சும்மா சொல்லவில்லை, தொட்டால் நமக்குத் தோள்பட்டை வரைக்கும் சிலிர்க்கும். ஒரு சாக்ஸ், அதற்கு மேல் இன்னொரு சாக்ஸ் போட்டுப் பார்ப்பார். ஒன்றும் நடக்காது. விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் ஆனதும் அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும். “ஐயையோ! காலை எடு!”

தினமும் வரும். தவறாமல் வரும். நானும் தம்பியும் போர்வைக்குள் காத்துக்கொண்டு கிடப்போம். “இப்போ வரும் பாரு” என்பான் தம்பி. விரலை மடக்கி எண்ணுவோம். ஏழு, எட்டு, ஒன்பது... “காலை எடு!” அவ்வளவுதான், நாங்கள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்த மாதிரி அது. அந்த மணி அடித்தால் வீட்டில் அன்றைக்கு எல்லாம் சரியாக முடிந்தது என்று அர்த்தம்.

கால் ஏன் அப்படிக் குளிர்கிறது என்று பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். குளிர் அடித்ததும் உடம்பு முதலில் கை விரல், கால் விரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இருக்கிற சூட்டை இதயத்துக்கும் மூளைக்கும் சேமித்து வைக்க வேண்டும் அல்லவா? கையையும் காலையும் பட்டினி போட்டு நெஞ்சைக் காப்பாற்றும். எங்கள் அம்மா மாதிரியேதான் அவர் உடம்பும்.

சரி, ஸ்வெட்டர். அப்பாவிடம் ஒரே ஒரு நல்ல ஸ்வெட்டர் இருந்தது. பாசிப்பச்சை நிறம், சுத்தமான கம்பளி. கழுத்துப் பட்டைக்கு உள்ளே ஒரு சின்னத் துணிச் சீட்டு தைத்திருக்கும். அதில் ஒரு வாளிப் படம் போட்டு, எப்படித் துவைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் படிக்கப் போகிறார்கள்? ஒரு நாள் அம்மா, பாவம், குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க முடியாமல், வெந்நீரில் ஊற வைத்துக் கும்மி எடுத்துவிட்டார்.

கம்பளி இழையின் மேல் மீன் செதிலைப் போல நுணுக்கமான செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். பிறகு என்ன இழுத்தாலும் விடாது. கொடியில் காய்ந்து கிடந்ததை அப்பா எடுத்தார். விரித்துப் பார்த்தார். தன் நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் என் தம்பியைக் கூப்பிட்டு அவன் தலை வழியாக மாட்டினார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவனுக்கு அப்போது ஆறு வயது.

“சீட்டில் எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?” என்றார் அப்பா. “படிக்கத் தெரிந்தவர் துவைச்சிருக்கலாமே” என்றார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்தது, பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. விளக்கை அணைத்தார்கள்.

நானும் தம்பியும் எண்ண ஆரம்பித்தோம். பத்து. இருபது. ஐம்பது. நூறு தாண்டிவிட்டது. குரல் வரவில்லை.

“அக்கா, அப்பா இன்னும் கத்தலையே.”

“தூங்கியிருப்பாருடா.”

“கத்தாம எப்படித் தூங்குவாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பேரும் எழுந்து, சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நடந்து போய், கதவு இடுக்கு வழியாகப் பார்த்தோம். ஒரே கட்டில், ஒரே போர்வை. அப்பா அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், அம்மா இந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இரண்டு முதுகுக்கும் நடுவில் போர்வை கூடாரம் மாதிரி விறைத்து நின்றது. அந்தக் கூடாரத்துக்குள் காற்றுப் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தூங்கவில்லை. அது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி வந்து படுத்தோம். தம்பி அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அந்தச் சுருங்கின ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டிருந்தான், அதைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்தான். தன்னால்தான் சண்டை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. திடீரென்று அப்பா குரல், மெதுவாக. “ஏன், இன்னைக்குக் கால் சில்லுன்னு இல்லையா?”

பதில் இல்லை.

“உன்னைத்தான் கேட்கிறேன்.”

“சில்லுன்னு இருந்தா உங்களுக்கு என்ன?”

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அப்பா சொன்னார். “சரி, வை.”

ஒன்று, இரண்டு, மூன்று. “ஐயையோ! காலை எடு!” வீடே அதிர்ந்தது. என் தம்பி ஸ்வெட்டரை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிப் போனான்.

நடுவர் ஐயா, இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் நூறு முறை சொல்லப்பட்டிருக்கும். அப்பா சொல்லும்போது, “நான் எதுவும் கேட்கவே இல்லை, கால் தானாக வந்தது” என்பார். அம்மா சொல்லும்போது, “கெஞ்சினார், போனால் போகிறது என்று வைத்தேன்” என்பார். தம்பி சொன்னால், அவன் சாமியைக் கும்பிட்டதால்தான் சமாதானம் ஆனது. மூன்று கதையிலும் மாறாத ஒன்று உண்டு, அது அந்த “சரி, வை.” அந்த இரண்டு சொல்லை இன்னொரு முறை கேளுங்கள். ‘கோபப்பட்டது தப்பு’ என்று அப்பா சொல்லவில்லை. ‘ஸ்வெட்டர் போனது என்னால்தான்’ என்று அம்மாவும் சொல்லவில்லை. சரி, வை. முடிந்தது வழக்கு. அந்த ஸ்வெட்டரைத் தம்பி மூன்று குளிர்காலம் போட்டான். முழங்கைக்கு மேல் ஏறிய பிறகும் கழற்ற மாட்டேன் என்றான்.

இப்போது சூரியனுக்கு வருகிறேன், தம்பி. நீங்கள் சொன்னது உண்மை. ஜனவரி தொடக்கத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி. ஜனவரியில் 50 லட்சம் கிலோமீட்டர் நெருக்கம்தான். ஆனாலும் இங்கே குளிர்கிறது. ஏன்? பூமி நிமிர்ந்து நின்று சுற்றவில்லை. 23.5 டிகிரி அளவுக்குச் சாய்ந்து சுற்றுகிறது. ஜனவரியில் வடபாதி சூரியனை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். வெயில் சரிவாக விழும், பகலும் குறையும், அதனால் குளிர். அதே ஜனவரியில், அதே 14.7 கோடி கிலோமீட்டரில், பூமியின் தென்பாதி என்ன செய்துகொண்டிருக்கிறது? சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கே கோடைக்காலம்!

ஒரே பூமி, ஒரே தூரம். முகம் கொடுத்த பாதிக்கு வெயில், முகம் திருப்பிக்கொண்ட பாதிக்குக் குளிர். எங்கள் அப்பா அம்மா படுத்திருந்ததும் ஒரே கட்டில்தான், தம்பி. கட்டிலின் அகலம் முந்தைய நாள் எவ்வளவோ, அன்றைக்கும் அவ்வளவுதான். முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது. “முகம் கொடுத்துப் பேசு” என்று நம் பெரியவர்கள் வெறுமனே சொல்லிவைக்கவில்லை.

அப்படியானால் அந்த முகத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்ப வைத்தது யார்? குளிர்தான். வெயில் காலமாக இருந்திருந்தால் அந்தக் கோபம் ஒரு வாரம் ஓடியிருக்கும். அப்பா பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருப்பார், அம்மா ஃபேனுக்குக் கீழே தனியாகப் படுத்திருப்பார். யாருக்கும் யாரும் தேவைப்பட்டிருக்காது. குளிர் அப்படி விடாது. போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, நம் உடம்புச் சூட்டைப் பிடித்து நமக்கே கொடுக்கிறது, அவ்வளவுதான். சும்மா படுத்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விடுகிறது. நாலு பேர் ஒரு அறையில் இருந்தால் நானூறு வாட். “கதவைச் சாத்து!” என்று வீட்டில் ஒருவர் கத்துகிறார் என்றால், அந்த நாலு பேர் சூடும் வெளியே போய்விடக் கூடாது என்றுதான் கத்துகிறார்.

அண்டார்டிகாவில் பேரரசப் பெங்குவின்களில் ஆண்கள் முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பட்டினி கிடக்கின்றன. அத்தனையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். ஓரத்தில் நிற்பது மெல்ல உள்ளே வரும், உள்ளே நின்றது ஓரத்துக்குப் போகும். காலையில் யார் முதலில் போர்வையை விட்டு எழுந்து வெந்நீர் போடுவது என்று நம் வீட்டில் நடக்கிறதே, அதுவும் இந்த முறைதான். இன்று நீ, நாளை நான். வாய்ச்சண்டை போட்டுக்கொண்டேதான் அந்த முறை நடக்கும். நடக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம், ஐயா. இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

அப்பா போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். முதல் வருஷம் குளிர் ஆரம்பித்த அன்றைக்கு அம்மாவின் அறையில் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். விளக்கை அணைத்தேன். நாற்பது வருஷப் பழக்கம், விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். அம்மா அசையவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டு சாக்ஸ் போட்ட காலை மடக்கி, கட்டிலின் விளிம்புக்குப் போய், சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தார்.

“ஏம்மா அங்கே போய்ப் படுத்திருக்கே?”

“ஒண்ணுமில்லைடி. என் கால் சில்லுன்னு இருக்கும். உனக்குத் தூக்கம் கெட்டுடும்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அப்புறம் சொன்னேன். “சரி, வை.”

தயங்கித் தயங்கி வைத்தார். அதே கால், அதே ஐஸ். பொறுத்துக்கொண்டிருக்க முடியும் என்னால். ஆனால் பொறுக்கவில்லை, நடுவர் ஐயா. அடுத்த அறையில் என் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்படி, அப்பா குரலில், என் பலம் முழுவதும் சேர்த்துக் கத்தினேன். “ஐயையோ! காலை எடு!”

மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்த சத்தத்தைக் கேட்டேன். காலை எடுக்கவே இல்லை.

வணக்கம்.