ஊத முடியுங்களா டாக்டர்?

வணக்கம் நேயர்களே. போனை ஒரு காதில் வைத்தால் பேச்சு புரியவில்லை, மறு காதுக்கு மாற்றினால் புரிகிறது என்று சிலர் வருவார்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், பயப்படாதீர்கள். அபூர்வமாகச் சிலருக்கு, காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாம் நரம்பின் உறையில் கட்டி இருக்கும். புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்வது. பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் ஆபரேஷன்தான். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பும் அதே எலும்புச் சந்தில்தான் போகிறது. கட்டி அதைத் தள்ளித் தள்ளித் தட்டையாக்கி, நுண்ணோக்கியில்கூட அடையாளம் தெரியாமல் செய்துவிடும்.

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுக்குப் பற்றுப்பொடி வைத்து, தீயை ஊதி இணைக்கும் பத்தர் ஒருவர் இந்தக் கட்டியோடு வந்தார். வாய் கோணுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இவர், “ஊத முடியுங்களா டாக்டர்?” என்றார். பட்டறைக்கு எரிவாயு வந்துவிட்டது. ஆனால் நுணுக்கமான இணைப்புக்கு அவருக்கு இன்னும் ஊதுகுழல்தான். உதட்டைக் குவித்து, கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே தீயை அசையாமல் நிறுத்த வேண்டுமாம். என் மேஜையில் கிடந்த பேனாக் குழாயை எடுத்து ஊதியே காட்டினார். உதடும் கன்னமும் செய்யும் அத்தனையும் அந்த ஏழாம் நரம்பின் தயவு.

ஆபரேஷனில் கண்ணைச் சுற்றிய தசையிலும் உதட்டுத் தசையிலும் மெல்லிய ஊசிகளைப் பொருத்தி ஒலிபெருக்கியோடு இணைப்போம். மில்லிஆம்பியரில் சிறு பங்கு மின்சாரம் பாயும் முனையால் தொட்டுக்கொண்டே போவோம். நரம்பென்றால் ‘டக் டக்’ என்று கேட்கும். கட்டியென்றால் சத்தமில்லை. நரம்பு இழுபட்டால் படபடவென்று பொரியும். கை உடனே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் தசையைத் தளர்த்தும் மருந்து உடம்பில் இருக்கக் கூடாது. மயக்க மருந்து டாக்டர் பார்த்துக்கொள்ளாவிட்டால் கருவி ஊமைதான், இதை எங்கே போனாலும் சொல்வேன். 1898இலேயே ஜெர்மனியில் ஃபெடோர் கிராவுஸே மின்சாரத்தால் இந்த நரம்பைத் தூண்டி, முகம் துடிப்பதைப் பார்த்திருக்கிறார்.

பத்தருக்கு நரம்போடு ஒட்டிய துணுக்கை அப்படியே விட்டுவிட்டோம். முழுதாக எடுத்த பெருமை டாக்டருக்கு, கோணல் வாய் நோயாளிக்கு என்றால் என்ன நியாயம்? மிச்சத்தை ஸ்கேனில் பார்த்து வருகிறோம், வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது. கொஞ்ச காலம் கன்னத்தில் காற்று நிற்கவில்லை. அப்புறம் ஊத ஆரம்பித்துவிட்டார், பேத்தியின் கொலுசுதான் முதல் வேலை.

நேரமாகிவிட்டதென்று சைகை வருகிறது. கண்ணைப் பற்றி அவசரமாக: நரம்பைக் காப்பாற்றினாலும் சில மாதம் இமை மூடாமல் போகலாம், கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். ஏற்காட்டுக் காற்றில் வண்டியில் போனால் கண்ணாடி. கண் சிவந்தால் அன்றைக்கே கண் டாக்டர். முகப் பயிற்சிகளுக்கு இன்று நேரமில்லை, பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.