பேஸ்பால் இல்லாத டிசம்பர்

எல்லோருக்கும் வணக்கம். உல்ரிக் நைசர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞருக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று இருந்தது. 1941 டிசம்பர் 7. வீட்டில் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்கிறார். நடுவில் நிறுத்தி, பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஜப்பான் குண்டு போட்ட செய்தியைச் சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல மாடிக்கு ஓடுகிறார். பல வருஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது: டிசம்பரில் அங்கே யாரும் பேஸ்பால் ஆடுவதில்லையே!

அப்படியென்றால் எல்லாம் கற்பனையா? அதுவும் இல்லை. அன்று ரேடியோவில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் போனது என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். மோதியவை நியூயார்க் ஜயண்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ். அதே ஊர்களில் அதே பெயர்களில் பேஸ்பால் அணிகளும் அப்போது இருந்தன. பெயர்கள் தங்கிவிட்டன, ஆட்டம் மாறிப்போயிருக்கலாம். பொய் ஞாபகம் என்றாலே முழுப் புளுகு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது மெய்யான துண்டுகளை வைத்துத்தான் கட்டப்படுகிறது.

இதை நைசர் சும்மா விடவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி 7 பேர் இறந்தார்கள். மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அவரும் உடன் ஆய்வாளர் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார்கள். 11 பேருக்கு ஒரு முக்கிய விவரம்கூட ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர்களில் சிலர் தடுமாற்றமே இல்லாமல், அடித்துச் சொன்னார்கள்! வகுப்பில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்ட ஒருவர், அறைத்தோழியோடு டிவியில் பார்த்தேன் என்றார். டிவியில்தான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்களே. பார்த்தது நிஜம், அதை முதல் தகவலாக்கியதுதான் பிசகு. காட்சி மனதில் நிற்கும். அது எப்போது, யார் வழியாக வந்தது என்ற விவரம் சீக்கிரம் உதிர்ந்துவிடும். முதலில் எழுதித் தந்த அவர்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய ஞாபகம் திரும்பவில்லை.

பொய் ஞாபகம் உருவாக இன்னொரு வழி, பிறர் வாய். உங்கள் வீட்டுப் பாட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள்! ழான் பியாஜே, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்து பெயர் பெற்ற சுவிஸ் அறிஞர். தள்ளுவண்டியில் தன்னை வைத்து பாரிஸின் ஷான்சலீசே தெருவில் தாதி போனதும், ஒருவன் தன்னைத் தூக்கப் பார்த்ததும், தடுத்த தாதியின் முகத்தில் விழுந்த கீறல்களும் அவருக்கு அப்படியே கண்ணில் நின்றன. அவருக்குச் சுமார் 15 வயதானபோது அந்தத் தாதியிடமிருந்து கடிதம் வந்தது. நடந்ததெல்லாம் தானே கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, அன்று பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பித் தர விரும்பினாள். பெற்றோர் நம்பிச் சொன்ன கதையைக் கேட்டு, அந்தக் காட்சியைத் தானே மனதில் வரைந்துகொண்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் பியாஜே எழுதினார்.