துளை போட்டவர் போன பிறகு

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையினருக்கு வணக்கம்.

சுரங்கம் என்றால் வெடி, டிப்பர், பெரும் பள்ளம் இவைதான் நம் நினைவுக்கு வரும். அதற்கு முந்திய கட்டத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. "ஆய்வுதானே, நாலு துளை போட்டுப் பார்க்கிறார்கள்" என்று விட்டுவிடுகிறோம். நான் பேச வந்தது அந்த நாலு துளையைப் பற்றித்தான்.

மன்னார்த் தீவை எடுங்கள். இல்மனைற் என்ற தைத்தானியத் தாது உள்ள கனிய மணலைத் தேடி அங்கே துளைகள் போட்டதும், சனங்கள் வீதிக்கு இறங்கியதும் உங்களுக்குத் தெரியும். அதே மணலுக்குள்தான் ஊரின் நன்னீரும் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு சாண் இறங்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது சாண் ஏறப் பார்க்கும்.

கொழும்பிலும் உப்பு தூரத்தில் இல்லை. களனி கங்கையில் மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்தது. கோடையில் கடல்நீர் அம்பத்தலைப் பக்கம் ஏறிவர, மணல் மூட்டை அடுக்கித் தடுத்தார்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

துளைக்கு வருகிறேன். பல இடங்களில் நிலத்தடியில் மேலே நன்னீர், நடுவே களிப் படை, அதற்குக் கீழே உவர்நீர். அந்தக் களிதான் மதில். துளை மதிலை ஊடறுத்துப் போகிறது. மாதிரியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஆட்கள் போய்விடுவார்கள், துளை நிற்கும். கீழ்நீருக்கு அழுத்தம் இருந்தால் அதன் வழியே மேலேறும். மேலே சிந்திய டீசல் மழையோடு உள்ளே இறங்கும்.

வாயில் கல்லை வைத்து மண்ணைத் தள்ளிவிட்டால் மூடியது போலத்தான் தெரியும். சீமெந்துக் குழம்பை மேலிருந்து ஊற்றினாலும் ஆழமான துளையில் இடைவழியில் சிக்கி, கீழே வெற்றிடம் விடும். குழாயை அடிவரை இறக்கி, அடியிலிருந்து நிரப்பியபடி குழாயை மெல்ல மேலே இழுக்க வேண்டும். கூலியும் நேரமும் பிடிக்கிற வேலை. மிச்சம் பிடிக்க ஆசை வருவதும் இதில்தான். இன்னொன்று, துளையிடும் சேற்றுக் குழம்பு தேங்கும் குழியைப் போய்ப் பாருங்கள். தடித்த பொலித்தீன் விரித்திருக்கிறதா, வெறும் மண்ணா? அதிலேயே கொம்பனியின் குணம் தெரிந்துவிடும்.

பண்டாரவளையில் நடந்தது கனிய அகழ்வு அல்ல, உமா ஓயா ஆற்றுநீரைத் திருப்பத் தோண்டிய சுரங்கப்பாதை. ஆனால் நிலத்தடி நீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2014 டிசம்பரில் உள்ளே நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அப்படியொரு நிலை வந்தால், "முன்பு உங்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நின்றது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எழுதி வைத்தவர் எத்தனை பேர்? துளை விழுவதற்கு முன்பே, மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து, திகதியோடு குறித்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று தயங்க வேண்டாம். எப்பாவலையில் பொஸ்பேற்று அகழ்வதற்கான ஒப்பந்தத்தை எதிர்த்த வழக்கில், வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவும். 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், முழுமையான ஆய்வு நடத்தி, முடிவுகளை வெளியிட்டு, சுற்றாடல் மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் பெறும்வரை ஒப்பந்தம் செய்யக்கூடாது என்றது. முடிவுகளை வெளியிட வேண்டும் என்ற அந்தப் பகுதியை நாம் போதியளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

இந்த மண்டபத்தில் வடக்கில் காணி உள்ளவர்கள் கனபேர் இருப்பீர்கள். காணி அங்கே, கையெழுத்து இங்கே. துளையிட அனுமதி கேட்டு யாராவது கடிதத்தோடு வந்தால், குத்தகைக் காசை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எதால் மூடுவீர்கள், மூடிய பிறகு யார் வந்து பார்ப்பது என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும், இன்னொன்றைப் பக்கத்துக் காணிக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். அவருடைய கிணறும் அந்த நீரில்தான் இருக்கிறது.