பழம் பலமான கதை: கொரோனாவின் புதிய திரிபுகள் எப்படிப் பிறக்கின்றன?

(திரையில்: பழுப்பேறிய நோட்டு ஒன்று. நீல மை. ஒரு விரல் பக்கங்களை மெல்லப் புரட்டுகிறது.)

வணக்கம். இது என் தாத்தாவின் நோட்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுச் சாமி அறையில், கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. ஆடி மாதக் கூழ் பூசையில் பாடும் அம்மன் பாட்டுகளை யாரிடமிருந்தோ வாங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து இன்னும் ஐந்தாறு பேர் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

பதினேழாம் பக்கத்தைப் பாருங்கள். "பழம் ஏந்தி வந்தோம்" என்று இருக்க வேண்டிய வரி. தாத்தா "பலம் ஏந்தி வந்தோம்" என்று எழுதிவிட்டார். ஓர் எழுத்துதான் மாறியது. அதற்கு அடுத்த பக்கத்தில் இதைவிட மோசமான பிழை ஒன்று இருந்தது. படித்தால் பொருளே வராது. பாடிப் பார்த்தவர்கள் அதை அன்றைக்கே அடித்துவிட்டார்கள். "பலம்" மட்டும் பிழைத்துக்கொண்டது. காரணம் எளிது. இந்த நாட்டில் ஐந்தாறு தலைமுறையாக வாழும் எங்களில் பலருடைய நாக்குக்கு ழகரம் வராது. "பலம்" வாய்க்கு வசதி. பொருளும் ஒருவாறு நின்றுவிடுகிறது. இன்று எந்தப் பஜனைக் குழு "பலம் ஏந்தி" என்று பாடினாலும், அவர்களுடைய தாள் எங்கள் வீட்டு நோட்டின் வழிவந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

கொரோனா வைரஸின் திரிபு என்பதும் இப்படிப்பட்ட பாடபேதம்தான்.

(திரையில்: நான்கு நிறங்களில் எழுத்துகளாலான நீண்ட நாடா.)

இந்த வைரஸின் மரபுநூல் ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்டது. நம் உடலின் செல்லுக்குள் நுழைந்ததும் அது செய்வதெல்லாம் அந்த நூலைப் பிரதி எடுப்பதுதான். மெய்ப்புப் பார்க்க ஒரு நொதியைக்கூட அது வைத்திருக்கிறது, இதைப் போல நூல் ஆர்.என்.ஏ.வால் ஆன பிற வைரஸ்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. இருந்தும் பிழை தப்பிவிடுகிறது. ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டே போகும் ஒரு சங்கிலியில் சராசரியாக மாதத்துக்கு இரண்டு எழுத்துகள் மாறி நிலைத்துவிடுகின்றன.

"உருமாறிய கொரோனா" என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அந்தச் சொல்லாட்சி எனக்குப் பிடிப்பதில்லை. சூரபதுமன் மாமரமாக மாறியதைப் போல, வைரஸ் யோசித்து வேடம் கட்டுகிறது என்ற எண்ணத்தை அது தருகிறது. வைரஸுக்கு யோசனை எதுவும் இல்லை. பிழை தற்செயலாக வருகிறது. எந்தப் பிழை பரவ வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம்: நம் மூச்சு, நம் கூட்டம், நம் உடலில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பு.

இனி 2020 டிசம்பருக்குப் போவோம். கிழக்கு கேப் மாகாணத்தில் நெல்சன் மண்டேலா பே பகுதி. இரண்டாம் அலை, முதல் அலையைவிட வேகமாக ஏறுகிறது. அங்கிருந்து வந்த மாதிரிகளை எங்கள் ஊரிலேயே, டர்பன் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருந்த 'கிரிஸ்ப்' என்ற மரபணு ஆய்வகத்தில் துலியோ டி ஒலிவேராவின் குழு எழுத்தெழுத்தாகப் படித்தது. பல நோட்டுகளிலும் ஒரே பிழைகள். அதாவது, ஒரே மூலப் பிரதியின் பிள்ளைகள். டிசம்பர் 18 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு அதற்கு பீட்டா என்று பெயர் வந்தது.

(திரையில்: வைரஸின் மேல் முள் போல நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதம். நுனியில் மூன்று புள்ளிகள் ஒளிர்கின்றன.)

பிழைகள் விழுந்த இடம்தான் முக்கியம். வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் கொக்கி இந்த ஸ்பைக் புரதம். 1,273 அமினோ அமிலங்களை மணிபோல் கோத்த மாலை. பீட்டாவில் அதன் 417, 484, 501ஆம் மணிகள் மாறியிருந்தன. 501ஆம் மணியின் மாற்றத்தால் கொக்கி இறுகப் பிடித்தது. 484ஆம் மணியின் மாற்றத்தால், முன்பு நோய் வந்தபோது உடல் உண்டாக்கி வைத்திருந்த எதிர்பொருள்களில் பலவற்றுக்கு வைரஸை அடையாளம் தெரியாமல் போயிற்று.

அதன் விலை உடனே தெரிந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று புனேயிலிருந்து 10 லட்சம் டோஸ் தடுப்பூசி ஜோகன்னஸ்பர்க்கில் வந்திறங்கியது. அதிபரே விமான நிலையத்துக்குப் போய் வரவேற்றார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் கைதட்டினோம். ஒரே வாரம். பிப்ரவரி 7 அன்று, இங்கே சுமார் 2,000 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு வெளியானது: பீட்டாவால் வரும் லேசான, நடுத்தர நோயை அந்த ஊசி ஏறக்குறைய தடுக்கவே இல்லை. கடும் நோயைத் தடுக்குமா என்பதை அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியவில்லை. கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அரசு அந்த ஊசியை நிறுத்தியது. டோஸ்கள் மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போயின. வேறு ஊசி கொண்டு பிப்ரவரி 17 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குப் போடத் தொடங்கினார்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பீட்டாவை உலகம் "தென்னாப்பிரிக்க வைரஸ்" என்றது. சில மாதம் கழித்து வந்த டெல்டாவை "இந்திய வைரஸ்" என்றது. தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளி ஆளுக்கு இரண்டு பட்டமும் சேர்த்துக் கிடைத்தது. 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தது இந்தப் பழிக்கு அஞ்சித்தான். ஆனால் பழி போகவில்லை.

(திரையில்: ஆய்வகக் கணினி. மூன்று வளைகோடுகள் எழ வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் எழுகின்றன.)

2021 நவம்பர். பி.சி.ஆர். பரிசோதனையில் ஒரு வகை, வைரஸின் மூன்று பகுதிகளைத் தனித்தனியே தேடும். மூன்றும் இருந்தால் திரையில் மூன்று கோடுகள் எழும். கௌதெங் மாகாணத்தின் தனியார் ஆய்வகம் ஒன்றில் திடீரென்று இரண்டு கோடுகளே எழத் தொடங்கின. ஸ்பைக்குக்கான கோடு தரையோடு கிடந்தது. அந்த மரபணுவில் ஆறு எழுத்துகள் விடுபட்டிருந்ததால் சோதனையின் கை அதைப் பற்ற முடியவில்லை. அப்போது ஊரெங்கும் இருந்த டெல்டாவில் இந்த விடுபாடு கிடையாது. ஆகவே வந்திருப்பது வேறு ஆள்.

நவம்பர் 19 அன்று அந்த ஆய்வகத்தின் ராகேல் வியானா 8 மாதிரிகளை முழுதாகப் படித்தார். ஸ்பைக்கில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். வேலையில்தான் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்பட்டாராம். பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோவின் குழுவும் அதையே கண்டது. 24ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போயிற்று. 26ஆம் தேதி அதற்கு ஒமிக்ரான் என்று பெயர்.

கதவுகள் அதற்கு முன்பே சாத்தப்படத் தொடங்கிவிட்டன. பிரிட்டன் 25ஆம் தேதியே தடையை அறிவித்தது. லண்டனிலிருந்து டிசம்பருக்கு வரவிருந்த என் அத்தை மகனின் டிக்கெட் ரத்தானது. விமான நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர எட்டு மாதம் இழுத்தடித்தது. அது சின்ன விஷயம். விமானங்கள் நின்றதால் மரபணுவைப் படிக்கத் தேவையான வேதிப்பொருள்களே வந்து சேராதோ என்று இங்குள்ள ஆய்வாளர்கள் தவித்தார்கள். பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவனின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்ட கதை. இதற்கிடையே நெதர்லாந்தில் நவம்பர் 19, 23 தேதிகளில் எடுத்த மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்தது பின்னர் தெரியவந்தது. தடை போடும் முன்பே அது ஐரோப்பாவில் குடியேறிவிட்டது. தாத்தாவின் நோட்டிலும் அப்படித்தான்: 'பலம்' எங்கள் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது. தாத்தா பார்த்து எழுதிய நோட்டிலேயே அது இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

அப்படியானால் இத்தனை மாற்றங்கள் ஒரே மூச்சில் எங்கே சேர்ந்தன? விலங்குகளுக்குள் போய்த் திரும்பியிருக்கலாம், யாரும் படிக்காத ஊரில் பரவியிருக்கலாம் என்ற ஊகங்கள் உண்டு. பலரும் ஏற்பது மூன்றாவதை: நோயெதிர்ப்பு தளர்ந்த ஒருவரின் உடலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்குவது. டர்பன் ஆய்வாளர்கள் 2021இல் அத்தகைய ஒருவரைப் பற்றி எழுதினார்கள். எச்.ஐ.வி. முற்றிய பெண், மருந்து அவருக்குச் சரியாக வேலை செய்யவில்லை. 216 நாள் வைரஸ் அவரை விட்டுப் போகவில்லை. 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்தன. ஒமிக்ரான் அவரிடமிருந்து வந்தது என்று பொருளல்ல. எச்.ஐ.வி.யோடு 75 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நாட்டில், அந்த மருந்து வேளை தவறாமல் கிடைப்பதும் கொரோனா தடுப்புதான் என்று பொருள்.

இதையெல்லாம் என் ஆயாவிடம் (பாட்டியிடம்) சொன்னபோது அவர் கேட்ட கேள்வியை என்னால் உடனே தாண்ட முடியவில்லை. "பெரியம்மைக்கு ஒரே ஊசி போதுமாக இருந்ததே. இதற்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப?"

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். பெரியம்மை வைரஸின் நூல் டி.என்.ஏ.வால் ஆனது. ஏறக்குறைய 1,86,000 எழுத்துகள். இருந்தும் அதை எழுதுகிறவர் நிதானமானவர், பிழை அரிது. 1796இல் ஜென்னர் காட்டிய வழி 1977இல் இயற்கையாக வந்த கடைசி நோயாளி வரைக்கும் செல்லுபடியானது. அந்த வைரஸுக்கு ஒளிந்துகொள்ள வேறு விலங்கும் இல்லை. கொரோனாவோ அவசரக்காரனின் கையெழுத்து. பூனை, மான், மிங்க் என்று பல வீடுகளில் அதற்குத் திண்ணை உண்டு. ஆனாலும் பழைய ஊசி வீணாகிவிடவில்லை, ஆயா. எதிர்பொருள்கள் ஏமாந்தாலும், உடலின் இன்னொரு காவல்படையான டி-செல்கள் வைரஸின் பல பக்கங்களையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. ஒரு வரி மாறினாலும் பாட்டு எதுவென்று அவற்றுக்குத் தெரியும். ஒமிக்ரான் அலையில் தொற்று மலைபோல் ஏறியும், சாவு அந்த அளவுக்கு ஏறாததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இன்று உலகில் சுற்றுவதெல்லாம் ஒமிக்ரானின் வழித்தோன்றல்கள். 2022இல் பி.ஏ.4, பி.ஏ.5 இரண்டையும் முதலில் படித்தது இதே நாடு. மூக்கில் குச்சி விடுவது குறைந்துபோன பிறகு, இங்கே சாக்கடைக் கழிவுநீரிலும் வைரஸைத் தேடிப் படிக்கிறார்கள். சோதனைக்கு வராதவர்களின் நோட்டும் அங்கே கிடைத்துவிடும்.

(திரையில்: மீண்டும் நோட்டு. பதினேழாம் பக்கத்தின் மேல் ஒரு கைப்பேசி.)

போன வாரம் பஜனைக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து, எழுதிக்கொள்ள நேரமில்லை என்று இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. கடைசி வரியில் ஆறு எழுத்துகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்கப் போகிறேன்.