கவசம் இல்லாதவருக்கு எந்தப் பந்து?

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாள் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பந்து வாங்கப் போகும் பிள்ளைகள் கடையில் கேட்பது, "எது நல்லா ஸ்விங் ஆகும், எது ரொம்ப நாள் வரும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இன்றைக்குக் களத்தில் எந்தக் கவசமும் இல்லாமல் நிற்கப்போவது யார்? பேட்ஸ்மேனாவது கால்காப்பு கட்டியிருப்பார். பந்து வீசுபவர், எதிர்முனையில் நிற்பவர், கிட்டத்தில் பீல்டிங் செய்பவர், அம்பயராக நிற்கும் அண்ணன், கோட்டோரம் வேடிக்கை பார்க்கும் தம்பி, இவர்களிடம் ஒன்றுமே இருக்காது. பந்து அவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

முதலில் எடை. விதிப்படி ஆண்கள் ஆடும் தோல் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம். சாதாரண டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம்தான். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால், பெரியவர்களின் தோல் பந்து சுமந்து வரும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. இதோடு முடியவில்லை. டென்னிஸ் பந்து உடம்பில் பட்டதும் நசுங்கும். அடி கொஞ்சம் பரவி இறங்கும். தோல் பந்து அப்படி நசுங்காது. முழு அடியும் ஒரே இடத்தில் விழும்.

நடுவில் 'ஹார்ட் டென்னிஸ்' என்று ஒன்று விற்கிறது. ரப்பர் தடிமன் கூடியது. இதன் எடை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அட்டையை நம்பாமல் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 100 கிராமைத் தாண்டினால் ஹெல்மெட் இல்லாத ஆட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. சிறு பிள்ளைகள் ஆட்டத்துக்குச் சாதாரண டென்னிஸ் பந்தே போதும். புதுப் பந்தைவிடக் காற்று கொஞ்சம் இறங்கிய பழைய பந்து இன்னும் நல்லது: எழும்பலும் குறையும், அடியும் மெத்தென்று விழும்.

அதிகம் ஏமாற்றுவது கார்க் பந்துதான். தோல் பந்தைவிட மலிவு என்பதால் அதைவிட மென்மையானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கார்க் பந்து துளியும் நசுங்காது. சிமெண்ட் தரையில் அடிபட்டால் மேல்பகுதி பெயர்ந்து, கூரான விளிம்போடு கோணல்மாணலாக எழும்பும். தோல் பந்துக்கு என்னென்ன கவசம் கட்டுவீர்களோ, அத்தனையும் இதற்கும் வேண்டும். கெட்டி ரப்பர் பந்து வேறு வகையில் தொல்லை. கடினமான தரையில் முகத்துக்கு நேராக எகிறும்.

பிட்சைச் சுருக்கும்போதும் பந்தைப் பற்றி யோசியுங்கள். முழு நீளப் பிட்சில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு கிரீஸிலிருந்து (பேட்ஸ்மேன் நிற்கும் கோடு) மற்றதற்கு வர முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இடம் போதாமல் 15 மீட்டரில் ஆடினால் அரை விநாடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பிட்ச் குறையக் குறைய எடையும் குறைய வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் கடினப் பந்து ஆட்டத்தில் 13 வயதுக்குட்பட்டோர் ஸ்டம்பிலிருந்து 11 கஜத்துக்குள், அதாவது சுமார் 10 மீட்டருக்குள், பீல்டிங் செய்யக் கூடாது என்கிறது. விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் பக்கம், அதாவது பேட்ஸ்மேனின் உடல் முன்பக்கம் பார்க்கும் பக்கம், மட்டும் விதிவிலக்கு. நம் ஆட்டத்திலும் அந்த 10 மீட்டரைக் கோடு கிழித்து வைத்துவிடலாம்.

மென்மையான பந்து கண்ணுக்கு ஒன்றும் செய்யாது என்பதும் தவறு. கண்குழியின் அகலம் சுமார் 4 சென்டிமீட்டர். பெரிய கடினப் பந்து சுற்றியுள்ள எலும்பில் முட்டும். நசுங்கும் பந்தோ உள்ளே புகுந்து கண்விழியையே அழுத்தக்கூடும். கண்ணில் அடிபட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். பார்வை மங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஹெல்மெட் கம்பிகளையும் பாருங்கள். பெரியவர்கள் பந்துக்கு அமைத்த இடைவெளியில் சிறுவர் பந்தோ டென்னிஸ் பந்தோ நுழைந்துவிடலாம். ஆடப்போகும் பந்தையே கையில் வைத்துக் கம்பியில் அழுத்திச் சோதியுங்கள்.

ஆட்டம் தொடங்கியபின் பந்து மாறிக்கொண்டே இருக்கும். டென்னிஸ் பந்தின் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி எடை ஏறும். புல் நனைந்திருந்தால் அவ்வப்போது மாற்றுங்கள். டேப் சுற்றுகிறவர்கள் மின்வேலை டேப்பை ஒரே அடுக்காக இழுத்து ஒட்டுங்கள். கிழிந்த இடத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு போனால் ஒரு பக்கம் கனத்து, எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பந்தில் விரிசல் தெரிந்தால் அதோடு சரி, தூக்கிப் போடுங்கள்.

நெஞ்சில் அடிபட்ட பிள்ளை சுருண்டு விழுந்து அசைவில்லாமல் கிடந்தால், மூச்சடைத்திருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் பந்து பட்டால் துடிப்பே குலைந்துபோகலாம். இளம் வயதில் நெஞ்சுக்கூடு இளகலாக இருப்பதால் அவர்களுக்கு ஆபத்து அதிகம். கூப்பிட்டும் பதில் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், இன்னொருவர் அப்போதே மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்கட்டும்.

கடைசியாக, மாற்றுப் பந்து. பந்து புதரில் தொலைந்ததும் யார் பையிலோ கிடந்த கார்க் பந்து வெளியே வரும். அதே பீல்டர்கள் அதே இடத்தில் நிற்பார்கள். டாஸுக்கு முன்பே ஒரே வகையில், ஒரே எடையில் மூன்று பந்துகளை எடுத்து அம்பயரிடம் கொடுத்துவிடுங்கள். மூன்றும் தொலைந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

நன்றி, வணக்கம்.