நிலைக்க வைப்பது நம்பிக்கையே

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் அன்பு நண்பர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வாசிப்பாளரை நிலைக்க வைப்பது முகமும் குரலுமா, மக்களின் நம்பிக்கையா?" இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய சகோதரி முகத்துக்கும் குரலுக்கும் வாதாடினார். மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார். எதிரே ஓடும் எழுத்தைப் பார்த்துப் படிக்க லட்சணமான முகமும் கணீரென்ற குரலும் இருந்தால் போதும் என்றார். அமெரிக்கச் செய்தி வாசிப்பாளர் கிறிஸ்டின் கிராஃப்ட் தன் நிலையத்தின் மீது போட்ட வழக்கை எடுத்துக்காட்டி, முகம் பிடிக்கவில்லை என்றால் நாற்காலியே பறிபோகும் என்றார். கடைசியாக, வாசிப்பாளர்களே வாய்ப்புத் தேடி ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கும்போது ஊரின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

நான் ஒரு உள்ளூர்ச் சேனலின் செய்தி மேசையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். அதனால் "பார்த்துப் படிப்பது" என்ற அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சகோதரி சொன்ன கருவி பிராம்ப்டர். 1950 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. வசனம் மறந்துபோகும் தொலைக்காட்சி நாடக நடிகர்களுக்காக முதலில் செய்தார்கள். செய்திக்கு அப்புறம்தான் வந்தது. கேமரா லென்சுக்கு முன்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். கீழே திரையில் ஓடும் எழுத்து அதில் விழும். வாசிப்பவர் கண்ணுக்கு எழுத்து தெரியும், கேமராவுக்குத் தெரியாது. இதுவரை சகோதரி சொன்னது சரி.

ஆனால் அதே நேரத்தில் வாசிப்பவரின் காதில் என்ன நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஒரு காதில் சின்னக் கருவி ஒன்று செருகியிருக்கும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர் அதில் பேசிக்கொண்டே இருப்பார். வாய் ஒரு விபத்துச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும். காதில், "அடுத்த இரண்டு செய்தியும் வேண்டாம், நேரலை ரெடி, பதினைந்து, பதினான்கு, பதின்மூன்று..." என்று எண்ணிக்கை இறங்கும். காது வாங்குவதை முகம் காட்டக்கூடாது. வாய் சொல்வதைக் காது குழப்பக்கூடாது. பூஜ்ஜியம் வரும்போது வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். ஒருநாள் நீங்கள் வீட்டில் ஒரு செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள், பக்கத்தில் ஒருவரை வேறு விஷயம் பேசச் சொல்லுங்கள். மூன்றாவது வரியில் நாக்கு நின்றுவிடும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த வாசிப்பாளர் இருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எதிரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தாலும் கையில் ஒரு தாள் அடுக்கு வைத்திருப்பார். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ஒரு தாளை மெதுவாக நகர்த்தி வைப்பார். அது பார்வைக்காகச் செய்வது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவுச் செய்தியின் நடுவில் பிராம்ப்டர் உறைந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் பதறிப்போனோம். அக்கா கண்ணைத் தாழ்த்தினார். எந்தச் செய்தியில் எழுத்து நின்றதோ அதே செய்தியின் தாள் மேலே இருந்தது. ஒரு மூச்சு எடுக்கும் நேரம், அவ்வளவுதான், வாசிப்பு தொடர்ந்தது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வருடக்கணக்காகத் தினமும் தாளை நகர்த்திவந்தது அந்த ஒரு மூச்சுக்காக.

எழுத்தே இல்லாத நேரமும் உண்டு. தீ விபத்து, வெள்ளம், கட்டடம் இடிந்தது என்று திடீரெனச் செய்தி வரும்போது வாசிக்க எதுவும் இருக்காது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தப்பாகவும் பேசக்கூடாது. "இது உறுதியான தகவல், இது இன்னும் உறுதியாகவில்லை" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "பத்துப் பேர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், போட்டிச் சேனலில் வந்துவிட்டது, நீங்களும் சொல்லுங்கள்" என்று காதில் குரல் வரும்போது, அதைச் சொல்லாமல் வைத்திருப்பதற்குப் பெயர் குரல்வளமா? மக்கள் நம்புவது சொன்னதை வைத்து மட்டுமா? அவசரப்பட்டுச் சொல்லாமல் விட்டதையும் வைத்துத்தான்.

இப்போது கிராஃப்ட் வழக்குக்கு வருகிறேன். சகோதரி அதைப் பாதியில் நிறுத்தினார், நான் மீதியைச் சொல்கிறேன். கிறிஸ்டின் கிராஃப்ட் 1981இல் கன்சாஸ் சிட்டி நகரத்தின் கே.எம்.பி.சி. நிலையத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கினார். சுமார் எட்டு மாதத்தில் அவரை நிருபராக இறக்கினார்கள். வயது அதிகம், அழகு போதாது, ஆண்களுக்குப் பணிந்து போவதில்லை என்று தன்னிடம் சொன்னதாக அவர் வழக்குப் போட்டார். வேலைக்கு எடுக்கும்போது தோற்றத்தில் கைவைக்க மாட்டோம் என்று சொல்லி ஏமாற்றினார்கள் என்பதும் அவர் புகாரில் உண்டு. 1983இல் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் சாதாரண மக்கள் குழு, அவர் பக்கம் நின்று 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை ரத்து செய்தார். மறு விசாரணையில் இரண்டாவது ஜூரியும் அவர் பக்கம்தான் நின்றது, 3,25,000 டாலர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் அதையும் ரத்து செய்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

நிலையம் ஆலோசகர்களை வைத்துப் பார்வையாளர் ஆய்வு செய்தது, அதில் அவருக்கு எதிராகக் கருத்து வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் எட்டு மாதம், நடுவர் அவர்களே! ஒரு மனிதரை ஒரு ஊர் நம்ப ஆரம்பிக்க எட்டு மாதம் போதுமா? நம்பிக்கை வளர்வதற்கு முன்னால் அளந்தால் கோலுக்குக் கிடைப்பது முகம் ஒன்றுதான். தலைமுடியும் உடையும் தவிர அந்த நேரத்தில் அளக்க வேறு என்ன இருக்கிறது? அதே சமயம், வழக்கை முழுசாக உட்கார்ந்து கேட்ட சாதாரண மக்கள் இரண்டு முறையும் அவர் பக்கம் நின்றார்கள். இந்த வழக்கு நிலையத்தின் கணக்கு என்ன என்று காட்டுகிறது. மக்களின் கணக்கு வேறு.

முகத்தைப் பற்றிப் பேசும்போது மேக்ஸ் ராபின்சனைச் சொல்லாமல் போக முடியாது. 1959இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத் நகரத்தில் ஒரு நிலையத்தில் செய்தி வாசிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவர் கறுப்பினத்தவர். அதனால் அவர் வாசிக்கும்போது திரையில் நிலையத்தின் சின்னம் மட்டும் தெரியும். குரல் வரும், ஆள் தெரியமாட்டார். ஒருநாள் அந்தச் சின்னத்தை எடுக்கச் சொல்லிவிட்டு முகத்தைக் காட்டி வாசித்தார். மறுநாள் வேலை போய்விட்டது. நினைத்துப் பாருங்கள், குரலை வைத்துக்கொண்டு மனிதரை மறைத்திருக்கிறார்கள். அதே ராபின்சன் பத்து வருடம் கழித்து, 1969இல், வாஷிங்டன் நகரத்தின் உள்ளூர் நிலையத்தில் வாசிப்பாளராக உட்கார்ந்தார். ஒரு பெருநகரம் வருடக்கணக்காகச் சாயங்காலம்தோறும் அவர் சொல்வதைக் கேட்டது. அங்கிருந்துதான் 1978இல் ஏ.பி.சி. தேசியச் செய்தியின் தொகுப்பாளர்களில் ஒருவரானார். அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்கில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். முகம்தான் எல்லாம் என்றால் அவர் கதை போர்ட்ஸ்மவுத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஊர் மாறும் விஷயம். இதில் சகோதரி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவைத் தொலைக்காட்சிக்காக 210 சந்தைகளாகப் பிரித்து, பெரியது முதல் சின்னது வரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் அடியில் உள்ள சின்ன ஊரில் தொடங்குவார். கேமராவைத் தானே தூக்கி, தானே பேட்டி எடுத்து, தானே வெட்டி ஒட்டி, ராத்திரி அதைத் தானே வாசிப்பார். காலைச் செய்தி என்றால் நள்ளிரவு தாண்டியதும் எழ வேண்டும். ஊர் கொண்டாடும் நாளிலெல்லாம் ஸ்டுடியோவில்தான் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் கொஞ்சம் பெரிய ஊர். விலகினால் அதே ஊரின் போட்டி நிலையத்தில் குறிப்பிட்ட காலம் சேரக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் கட்டுப்பாடும் இருக்கும். அதனால் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். இந்த வாழ்க்கை கஷ்டமானது, யாரும் ஆசைப்பட்டு அலைவதில்லை.

ஆனால் அந்தக் கட்டுப்பாடு எதற்கு வந்தது என்று யோசியுங்கள். நிலையம் எதைக் கண்டு பயப்படுகிறது? நல்ல முகத்தையும் நல்ல குரலையும் நாளைக்கே வேறொருவரிடம் வாங்கிவிடலாம். இந்த ஊர் இவருக்குக் கொடுத்த நம்பிக்கையை இவர் எதிர்க்கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்றுதான் பயம். நம்பிக்கைக்கு மதிப்பு உண்டு என்று அவர்களே எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்!

தங்கியவர்களையும் பாருங்கள். ஹூஸ்டனில் டேவ் வார்ட். 1966இல் கே.டி.ஆர்.கே. நிலையத்தில் நிருபராகத் தெருவில் இறங்கியவர், 2017 வரை அதே நிலையம், அதே ஊர். ஒரே நிலையத்தில் மிக நீண்ட காலம் இருந்த உள்ளூர் வாசிப்பாளர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. "மாலை வணக்கம், நண்பர்களே" என்றுதான் ஆரம்பிப்பார். பிலடெல்பியாவில் ஜிம் கார்ட்னர், 1977 முதல் 2022 வரை ஒரே நிலையத்தில் மாலைச் செய்தி. இவர்கள் தொடங்கியபோது இருந்த முகம் முடிக்கும்போது இருந்திருக்குமா? தலை நரைத்தது, முகம் சுருங்கியது, குரல் கனத்தது. முகமும் குரலும் மாறிக்கொண்டே போன அந்த ஐம்பது வருடமும் மாறாமல் இருந்தது எது என்று எதிரணி எனக்குச் சொல்லட்டும்.

2018இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சின்க்ளேர் என்ற நிறுவனத்துக்கு அமெரிக்கா முழுக்க நிறைய உள்ளூர் நிலையங்கள். ஒரே வாசகத்தை எழுதி எல்லா ஊர் வாசிப்பாளர்களும் அதைப் படிக்க வேண்டும் என்று அனுப்பியது. அவர்கள் படித்ததை ஒரு இணையதளம் பக்கம் பக்கமாக வைத்து ஒரே காணொளியாக வெளியிட்டது. அத்தனை நல்ல முகம், அத்தனை நல்ல குரல், அத்தனை வாயிலும் ஒரே வார்த்தை. நாடு முழுக்கக் கோபம் கிளம்பியது. ஏன் அந்தக் கோபம்? தன் ஊர்க்காரர் தன்னிடம் பேசுகிறார் என்று நம்பி உட்கார்ந்தவர்களுக்கு, அவர் வாயில் வேறு யாரோ பேசியது வலித்தது. படித்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் உள்ளவர்கள், ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டவர்கள். ஆனால் இழந்தது என்ன என்பது அன்றைக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

முகமும் குரலும் போதும் என்ற வாதத்தை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோனால் எங்கே போய் நிற்கும்? 2018 நவம்பரில் சீனாவின் சின்ஹுவா செய்தி நிறுவனம் செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளரை அறிமுகம் செய்தது. களைப்பு கிடையாது, தூக்கம் கிடையாது, நாக்கு குழறாது. முகமும் குரலும் மட்டுமே உள்ள வாசிப்பாளர் அது. வெள்ளம் வந்த இரவில் உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று அதனிடம் கேட்பீர்களா? 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டனின் கே.எச்.ஓ.யு. நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் ஏறி, ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வெளியே நின்ற நிருபர் பிராண்டி ஸ்மித் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். பாலத்தின் கீழே பத்தடித் தண்ணீரில் ஒரு லாரி ஓட்டுநர் சிக்கியிருப்பதைப் பார்த்து, படகோடு வந்த ஷெரிஃப் துறைக் காவலர்களை ஓடிப்போய் நிறுத்தினார். ஓட்டுநர் பிழைத்தார். அன்று அவர் மழையில் நனைந்து, முடி கலைந்து நின்றார். அந்த முகத்தைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு நிமிடம் தாருங்கள், நடுவர் அவர்களே.

எங்கள் அக்காவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஒருநாள் இரவுச் செய்திக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு விபத்துச் செய்தி வந்தது. இறந்தது ஒரு பள்ளிக்கூடப் பையன். பெயர் ஆங்கில எழுத்தில் வந்திருந்தது. இரண்டாவது எழுத்து லகரமா, ளகரமா என்று தெரியவில்லை. நான் லகரம் என்றே தட்டச்சு செய்துவிட்டேன். அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டீங்க தம்பி?" என்றார். யாரையும் கேட்கவில்லை. மருத்துவமனை வாசலில் இருந்த நிருபரைத் தானே போனில் பிடித்தார். அவர் உள்ளே போய்ப் பையனின் மாமாவைக் கேட்டுவிட்டு வந்து சொன்னபோது செய்திக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ளகரம். அக்கா சிவப்புப் பேனாவால் தாளில் அந்த எழுத்தைத் திருத்தி, வட்டம் போட்டார். தலைப்புச் செய்தி இசை ஓடும்போது உதடு மட்டும் அசைய மூன்று முறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது செய்தியாக அது வந்தது. பெயருக்கு முன்னால் துளி இடைவெளி விட்டு, அவன் வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே சொன்னார்.