ரிமாண்ட் தேதியை எழுதி வையுங்கள்

தோழர்களே, தாய்மார்களே,

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால் பதற்றத்தில் தேதியும் நேரமும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் கைதானவரின் உரிமைகளில் பாதி அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் சொல்லப்போகும் உரிமைகள் அப்படியே இருக்கின்றன.

கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். போடுவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். மாலை 6 மணிக்குப் பிடித்தவரை நள்ளிரவில் கைது செய்ததாக எழுதினால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கே புரண்டுவிடும். நேரம் தவறு என்றால், அடி விழுந்திருந்தால், மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைதுக்கான காரணத்தைப் புரியும்படி சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025-இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இனி பலரும் கோட்டைவிடுகிற இடத்துக்கு வருகிறேன். விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்குக் கெடு உண்டு. மரணம், ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். கெடு தாண்டினால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். வழக்கு எவ்வளவு வலுவானது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. (உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கெடு 180 நாள் வரை நீளலாம். போதைப்பொருள் சட்டத்தின் கடுமையான வழக்குகளில் கெடுவே 180 நாள், அதை ஓராண்டு வரை நீட்டலாம்.)

எண்ணுவது எப்படி? கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்கச் சொல்லி உத்தரவிட்ட நாளிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும். 2023-இல் கபில் வாதவான் வழக்கில் இது உறுதியாயிற்று. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாம் நாள். ஏப்ரல் 30 காலை கோர்ட் திறந்ததும் மனு போய்விட வேண்டும். தானாக யாரும் விடமாட்டார்கள். மனுப் போடாமல் காத்திருந்து, இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று. மனு முதலில் போய், குற்றப்பத்திரிகை பிறகு வந்தால் உரிமை நிற்கும். சென்னையிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் 2020-இல் வந்த தீர்ப்பு இது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கெடுவை நீட்ட முடியாது என்று அதே ஆண்டு சொன்ன எஸ். காசி வழக்கும் தமிழ்நாட்டு வழக்குதான்.

ஜாமீன் உத்தரவு வந்தும் ஆள் வெளியே வராமல் கிடப்பதுதான் மனதை அறுக்கிற விஷயம். ஜாமீன்தாரர் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் ஆதாரில் ஒரு இனிஷியல், வீட்டு வரி ரசீதில் வேறு இனிஷியல் என்று திருப்பி அனுப்பப்படுவார். ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு) இருந்தாலும் சிறைக் கதவு திறக்காது. அதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தது. மாஜிஸ்திரேட்டோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் "உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும்" என்று கேட்பது அநியாயம்.

2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாக முன்வந்து பார்க்கலாம். கண்காணிப்பாளர் சொல்லாவிட்டால் நீங்களே ஆணைக்குழுவுக்குப் போங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம். போகும்போது ஜாமீன் உத்தரவின் நகலையும் ரிமாண்ட் தேதியையும் கொண்டு போங்கள்.